ஸ்னோமொபைல் முன்னோடிகளும் பந்தயக்காரர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவுக்கு வந்த முதல் குளிர்காலத்தில், ஸ்னோமொபைல் என்றால் காசு உள்ளவர்களின் ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு என்றுதான் நினைத்திருந்தேன். அப்புறம் கியூபெக்கில் வல்கூர் என்ற சின்ன ஊரில், ஸ்கி-டூ என்ற ஸ்னோமொபைலை உருவாக்கிய பொம்பார்டியேயின் அருங்காட்சியகத்துக்கு ஒரு தடவை போய் வந்தேன். அன்றிலிருந்து பைத்தியம் பிடித்துக்கொண்டது. வீட்டுக்கு வரும் உறவினர்கள், கூட வேலை பார்ப்பவர்கள், ஃபார்முலா 1 பார்க்கும் பையன்கள் என்று யாரிடம் இதைப் பற்றிப் பேச்செடுத்தாலும் அதே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து சொல்லி அலுத்துவிட்டது. அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஸ்னோமொபைல்னா சரியா என்ன? பனியில ஓடுற பைக்கா?

பாதி சரி. உட்காருவது பைக் மாதிரிதான். இரண்டு பக்கமும் காலைப் போட்டு, ஹேண்டில்பாரைப் பிடித்து, வலது கட்டைவிரலால் ஆக்சிலேட்டரை அழுத்த வேண்டும். ஆனால் சக்கரம் கிடையாது. முன்னால் இருக்கும் இரண்டு ஸ்கீ பலகைகள் வண்டியைத் திருப்பும். பின்னால், டாங்கிக்கு இருப்பதுபோல ஒரு பட்டை சுற்றிச் சுற்றி வந்து வண்டியைத் தள்ளும். டாங்கிக்கு இரும்பு, இதற்கு ரப்பர். எடை அந்தப் பட்டை முழுவதும் பரவிவிடுவதால் புதுப்பனியில்கூட வண்டி மேலாகவே போகும். அதே இடத்தில் நாம் இறங்கி நின்றால் இடுப்புவரை உள்ளே போய்விடுவோம்.

கியர் மாற்றுகிற வேலையும் இல்லை. எஞ்சினுக்கும் பட்டைக்கும் நடுவே இரண்டு கப்பிகளில் ஒரு பெல்ட் ஓடுகிறது. வேகம் கூடக் கூட ஒரு கப்பி இறுகும், மற்றது விரியும். கியர் தானாகவே மாறியதுபோல ஆகிவிடும். ஸ்கூட்டியில் இருக்கும் அதே ஏற்பாடுதான்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். பழைய படங்களில் ஸ்னோமொபைல் என்ற பெயரில் இரண்டு வகை வண்டிகள் வரும். ஒன்று ஏழு பேர், பன்னிரண்டு பேர் ஏறும் மூடுவண்டி. இன்னொன்று ஒருவரோ இருவரோ ஏறும் திறந்த வண்டி. இனி முதல் வகையைப் பெரிய வண்டி என்றும் இரண்டாவதைச் சின்ன வண்டி என்றும் சொல்லப் போகிறேன். இந்த வரலாற்றில் பாதிச் சண்டை இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால் வருவது.

ஸ்னோமொபைல்ங்கிற பேரை வெச்சது பொம்பார்டியேதானே?

இல்லை. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் ஒசிப்பி என்ற ஊரில் ஃபோர்டு கார் விற்றுக்கொண்டிருந்த வெர்ஜில் ஒயிட் வைத்த பெயர் அது. ஃபோர்டு மாடல் டி காரின் முன்சக்கரங்களைக் கழற்றிவிட்டு ஸ்கீயைப் பொருத்தி, பின்னால் கூடுதலாக ஒரு அச்சும் பட்டையும் மாட்டினால் கார் பனியில் ஓடும். இதற்கு 1917-ல் காப்புரிமை வாங்கி, 1922 முதல் விற்கத் தொடங்கினார். கிராமத்து டாக்டர்களும் தபால்காரர்களும் விரும்பி வாங்கினார்கள்.

பொம்பார்டியே தன் நிறுவனத்துக்கு வைத்த பெயர் ஓட்டோ-நேஷ். பிரெஞ்சில் 'பனிக்கார்' என்று அர்த்தம். கியூபெக்கில் இன்றைக்கும் எந்த நிறுவனத்து வண்டியாக இருந்தாலும் 'ஸ்கி-டூ' என்றுதான் பலர் சொல்வார்கள். நம் ஊரில் எந்த நகலையும் ஜெராக்ஸ் என்பதுபோல.

அப்போ முதல்ல கண்டுபிடிச்சது யாருதான்? ஆளுக்கொரு பேர் சொல்றாங்களே?

எதை முதலாவது என்று கணக்கு வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. எஞ்சினும் காற்றாடியும் வைத்துப் பனியில் ஓட்டியதையே கணக்கில் எடுத்தால் ரஷ்யர்கள்தான் முந்தி. பின்னாளில் ஹெலிகாப்டரால் புகழ் பெற்ற இகோர் சிகோர்ஸ்கி 1910-ஐ ஒட்டி அப்படிப்பட்ட சறுக்குவண்டிகளைச் செய்து பார்த்திருக்கிறார். காரைப் பனிவண்டி ஆக்கியது என்றால் மேலே சொன்ன ஒயிட். ஓரிருவர் ஏறும் சின்ன வண்டி என்றால் விஸ்கான்சினின் கார்ல் எலியாசன், 1924. கடைக்குப் போய் எவரும் வாங்கி ஓட்டக்கூடிய இலகுவான வண்டி என்றால் ஜோசப்-ஆர்மாண்ட் பொம்பார்டியே, 1959.

என் ஓட்டு என்ன என்று கேட்பீர்கள். யோசனைக்கு எலியாசன், வண்டிக்கு பொம்பார்டியே. அமெரிக்க நண்பர்களிடம் இதைச் சொன்னால் தங்கள் நாட்டு நிறுவனமான போலாரிஸை விட்டுவிட்டாயே என்று கோபித்துக்கொள்வார்கள். அவர்கள் கதையும் கீழே வருகிறது.

எலியாசனா? அப்படி ஒருத்தரைக் கேள்விப்பட்டதே இல்லையே!

பெரிய நிறுவனம் எதுவும் அவர் பெயரில் இல்லாததுதான் காரணம். விஸ்கான்சினின் வடக்கே செய்னர் என்ற ஊரில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். காலில் குறை இருந்ததால், வேட்டைக்குப் போகும் நண்பர்களுக்கு ஈடாகப் பனியில் நடக்க முடியாது. கடைக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் உட்கார்ந்து, கையில் கிடைத்ததையெல்லாம் வைத்து ஒரு வண்டி செய்தார்.

அடிப்பாகம் டொபாகன். அதாவது அங்குள்ள பூர்வகுடிகள் பயன்படுத்திய, முன்புறம் சுருண்ட நீளமான பலகை. படகில் மாட்டும் இரண்டரைக் குதிரைத்திறன் ஜான்சன் மோட்டார்தான் எஞ்சின். சைக்கிள் உதிரிகள், மாடல் டி காரின் ரேடியேட்டரில் ஒரு துண்டு, திருப்புவதற்குக் கயிறு கட்டிய இரண்டு ஸ்கீ. நடுவே ஓடும் பட்டை வண்டியை இழுக்கும். 1927-ல் காப்புரிமை கிடைத்தது. பிறகு ஆண்டுக்குக் கொஞ்சமாக ஏறத்தாழ 40 வண்டிகள் செய்து விற்றார். பின்லாந்திலிருந்து பெரிய ஆர்டர் ஒன்று வந்தபோது தன் கொட்டகையில் அது முடியாது என்று தெரிந்து, எஃப்.டபிள்யூ.டி. என்ற லாரி நிறுவனத்திடம் உரிமையைக் கொடுத்துவிட்டார். இரண்டாம் உலகப்போரின்போது அலாஸ்காவுக்காக அமெரிக்க ராணுவம்கூட இந்த வண்டிகளை வாங்கியது.

பொம்பார்டியே பதினஞ்சு வயசிலயே ஒரு வண்டி செஞ்சாராமே, நிஜமா?

நிஜம். 1922, டிசம்பர் 31. வீட்டில் புத்தாண்டுக்கு எல்லாரும் கூடியிருக்கிறார்கள். அப்பா அவரிடம் கொடுத்து வைத்திருந்த பழைய மாடல் டி எஞ்சினை, ஆர்மாண்டும் தம்பி லியோபோல்டும் ஒரு சறுக்குவண்டியின் மேல் ஏற்றி, பின்னால் ஆளுயர மரக் காற்றாடி ஒன்றைப் பூட்டியிருந்தார்கள். முன்னால் உட்கார்ந்து திருப்பியது தம்பி. காற்றாடி சுற்ற, வல்கூர் தெருவில் பெரிய இரைச்சலோடு வண்டி ஓடியிருக்கிறது. மறைப்பில்லாமல் சுற்றுகிற அந்தக் காற்றாடியைப் பார்த்த அப்பா, உடனே கழற்றிப் போடச் சொல்லிவிட்டார். எந்த அப்பாவும் அதைத்தான் சொல்லியிருப்பார்.

இதிலிருந்து நேராக ஸ்கி-டூ வந்துவிடவில்லை. காற்றாடியை விட்டுவிட்டுப் பட்டைக்கு வர அவருக்குப் பன்னிரண்டு வருடங்களுக்கு மேல் ஆயிற்று. 1926-ல் ஊரில் கார் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றைத் திறந்தார். கோடையில் கார் வேலை, குளிர்காலத்தில் சாலைகள் பனியில் மூடிக் கிடக்கும்போது இந்தச் சோதனை. அந்தப் பட்டறையை அருங்காட்சியகத்தில் இப்போதும் பார்க்கலாம்.

பிள்ளை செத்துப்போனதாலதான் கண்டுபிடிச்சார்னு சொல்றாங்க. அது சும்மா உருக்கத்துக்குச் சேர்த்த கதையா?

சம்பவம் உண்மை. 1934 குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகன் இவோனுக்குக் குடல்வால் வெடித்து வயிற்றுக்குள் சீழ் பரவிவிட்டது. ஆஸ்பத்திரி ஷெர்ப்ரூக் நகரத்தில். ஐம்பது கிலோமீட்டர்கூட முழுதாக இராது, ஆனால் சாலை மூடிக் கிடந்தது. பனியில் ஓடக்கூடிய வண்டி எதுவும் பட்டறையில் அப்போது ஓடும் நிலையில் இல்லை. குழந்தை இறந்துவிட்டது.

ஆனால் 'அன்றைக்குத்தான் சபதம் எடுத்தார்' என்பது சினிமாத்தனம். பத்து வருடத்துக்கு மேலாக அந்த மனிதர் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தார், முந்தைய பதிலைப் பாருங்கள். இந்த இழப்பு வேகத்தைக் கூட்டியிருக்கலாம். மறு ஆண்டே, 1935-ல், பற்சக்கரமும் பட்டையும் சேர்ந்த ஏற்பாடு கைகூடியது. பற்களுக்கு ரப்பர் போர்த்தியதால் பனி உள்ளே ஏறி இறுகி அடைத்துக்கொள்ளவில்லை. அதுவரை எல்லாரையும் தோற்கடித்தது அந்த அடைப்புதான். 1937-ல் காப்புரிமை. அதே ஏற்பாட்டில் ஏழு பேர் ஏறும் பி7 வந்தது. 1940களில் வட்ட வட்டமாகக் கப்பல் ஜன்னல் வைத்த, பன்னிரண்டு பேர் ஏறும் பி12. இவை டாக்டர், பாதிரியார், தபால், பள்ளிக்கூடப் பிள்ளைகள், சவப்பெட்டி என்று எல்லாவற்றையும் சுமந்தன. நான் சொன்ன பெரிய வண்டிகள் இவைதான்.

அவ்வளவு நல்லா ஓடின பெரிய வண்டியை விட்டுட்டு ஏன் சின்ன வண்டிக்கு வந்தாங்க?

அரசாங்கம் சாலையைச் சுத்தம் செய்யத் தொடங்கியதால்! 1948-ல் கியூபெக் மாகாணம் கிராமச் சாலைகளிலும் குளிர்காலத்தில் பனியை அள்ள வேண்டும் என்று சட்டம் போட்டது. சாலை திறந்துவிட்டால் சாதாரணக் காரே போதும், பி12 யாருக்கு வேண்டும்? விற்பனை சரிந்தது. பொம்பார்டியே பிழைத்தது காடும் சதுப்பும் தந்த வழியால்தான். 1953-ல் வந்த மஸ்கெக் என்ற பட்டை டிராக்டர், மரம் வெட்டுபவர்களுக்கும் எண்ணெய் தேடுபவர்களுக்கும் போயிற்று.

சின்ன வண்டி யோசனை மனதில் இருந்தாலும் அதுவரை இரண்டு தடங்கல்கள். எஞ்சின்கள் கனம், பட்டை அறுந்துபோகும். ஐம்பதுகளில் இலகுவான எஞ்சின்கள் வந்தன. மகன் ஜெர்மேன் ஒட்டுப் போடாத முழு ரப்பர் பட்டையைச் செய்யும் வழியைக் கண்டுபிடித்தார். 1959-ல் ஏழு குதிரைத்திறன் கோலர் எஞ்சினோடு ஸ்கி-டூ விற்பனைக்கு வந்தது. முதல் ஆண்டில் 225 வண்டிகள். முன்மாதிரி ஒன்று அதற்கு முன்பே வட ஒன்டாரியோவின் லான்ஸ்டவுன் ஹவுஸில் இருந்த மொரீஸ் உய்மே என்ற பாதிரியாரிடம் போயிருந்தது. நாய்வண்டியில் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தவர் அவர். பொம்பார்டியே மனதில் இருந்த வாடிக்கையாளரும் இந்த மாதிரி ஆள்தான். வேட்டைக்காரர், அளவையாளர், பாதிரியார். இது விளையாட்டுப் பொருளாகும் என்று அவர் பெரிதாக எதிர்பார்க்கவில்லை. 1964-ல் 56 வயதில் புற்றுநோயில் இறந்துவிட்டார். பெருங்கூட்டம் வாங்க வந்தது அதற்குப் பிறகு.

முதல்ல வெச்ச பேரு ஸ்கி-டாக், எழுத்துப்பிழையில ஸ்கி-டூ ஆயிடுச்சாமே?

ஸ்கி-டாக் என்ற பெயர் உண்மை. நாய்வண்டிக்கு மாற்று என்பதால் அந்தப் பெயர். அச்சில் 'ஜி' என்ற எழுத்து 'ஓ' ஆகிவிட்டது, கேட்க நன்றாக இருந்ததால் அப்படியே விட்டுவிட்டார்கள் என்பது எல்லாரும் சொல்லும் கதை. பெயர் மாறியது நல்லதாயிற்று என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமில்லை.

போலாரிஸ், ஆர்க்டிக் கேட் ரெண்டையும் ஆரம்பிச்சது ஒரே ஆளா? அப்புறம் ஏன் அவ்வளவு போட்டி?

ஒரே ஆள்தான், எட்கர் ஹெட்டீன். மினசோட்டாவின் வடகோடியில் ரோசோ என்ற ஊரில், எட்கர், அவர் தம்பி ஆலன், நண்பர் டேவிட் ஜான்சன் மூவரும் வைக்கோல் வெட்டும் கருவி முதலான பண்ணைச் சாமான்கள் செய்து வந்தார்கள். அந்தப் பட்டறைதான் போலாரிஸ். 1955-56 குளிர்காலம். எட்கர் வெளியூர் போயிருந்த நேரத்தில் ஜான்சனும் பட்டறை ஆட்களும் ஒரு பனிவண்டியைக் கட்டினார்கள். தானியம் மேலேற்றும் இயந்திரத்தின் சங்கிலியைப் பட்டையாகவும், செவர்லே காரின் பம்பரை ஸ்கீயாகவும் ஆக்கி, பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் எஞ்சினை வைத்தார்கள். திரும்பி வந்த எட்கருக்கு எரிச்சல். உருப்படியான வேலையை விட்டுவிட்டு இதென்ன விளையாட்டு என்று. ஆனால் சம்பளம் கொடுக்கக் காசு தேவைப்பட்டது. ஊரில் மரக்கடை வைத்திருந்தவரிடம் 465 டாலருக்கு அதை விற்றார்கள். வாங்க ஆள் இருக்கிறது என்று தெரிந்ததும் அடுத்ததைக் கட்டினார்கள்.

1960 மார்ச்சில் எட்கர் அலாஸ்காவில் ஒரு பயணம் போனார். குஸ்கோக்விம் ஆற்றங்கரையிலுள்ள பெத்தலில் புறப்பட்டு ஃபேர்பேங்க்ஸ் வரை, ஆயிரம் மைலுக்கு மேல், ஏறக்குறைய மூன்று வாரம். இந்த வண்டியை நம்பி ஊர் தாண்டலாம் என்று காட்டுவதுதான் நோக்கம். பெரிய சாதனை. ஆனால் ரோசோவில் அவருக்குக் கிடைத்தது பாராட்டு அல்ல. கம்பெனியை விட்டுவிட்டு ஊர் சுற்றுகிறார் என்ற முணுமுணுப்பு. மனம் கசந்து வெளியேறி, பக்கத்தில் தீஃப் ரிவர் ஃபால்ஸில் புதுக் கம்பெனி தொடங்கினார். அதுதான் ஆர்க்டிக் கேட் ஆயிற்று. போலாரிஸில் தம்பி ஆலன் தலைவரானார். அண்ணன் ஒரு கம்பெனி, தம்பி ஒரு கம்பெனி, நடுவே சுமார் நூறு கிலோமீட்டர் தூரம்தான். பந்தயத்தில் அனல் பறக்காமல் எப்படி?

பந்தயம் எப்போ ஆரம்பிச்சது? யார் ஐடியா?

இரண்டு பேரிடம் வண்டி வந்த அன்றைக்கே ஆரம்பித்திருக்கும். ஆள் கூட்டி, பெயர் வைத்து நடத்தியது அறுபதுகளின் தொடக்கத்தில். மானிடோபாவில் போசேஜூர் என்ற ஊர் பழமையானது. அங்கே இதற்குப் பெயர் 'பவர் டொபாகன்' போட்டி. எலியாசனின் பலகையை ஞாபகம் வைத்திருக்கிறீர்கள் அல்லவா?

அதிகம் பேசப்படுவது விஸ்கான்சினின் ஈகிள் ரிவர். குளிர்காலத்தில் விடுதிகள் காலியாகக் கிடந்த ஊர். 1964 பிப்ரவரியில் டாலர் ஏரியின் உறைந்த பரப்பில் ஒரு போட்டி வைத்தார்கள், கூட்டம் எதிர்பார்த்ததைவிட அதிகமாக வந்துவிட்டது. பிறகு அது ஊருக்குள் அரை மைல் நீள்வட்டப் பாதைக்கு மாறி, உலக சாம்பியன்ஷிப் என்ற பெயரோடு இன்றும் நடக்கிறது. 1966-ல் வின்னிபெக்கிலிருந்து செயின்ட் பால் வரை சுமார் 500 மைல் ஓடும் நெடும்பந்தயம் வந்தது. அதில் ஜெயிப்பதைவிட வண்டி உடையாமல் ஊர்போய்ச் சேருவதே பெரிய காரியம்.

உலக சாம்பியன்ஷிப்னு சொல்றீங்க, ரெண்டு நாடுதானே ஓடுது?

நியாயமான கேள்வி. அமெரிக்காவும் கனடாவும்தான். அமெரிக்கர்கள் பேஸ்பாலுக்கும் இதைத்தான் செய்கிறார்கள், விடுங்கள்.

ஆனால் வண்டிகள் வேறு நாட்டிலிருந்தும் வந்தன. ஜப்பானின் யமஹா 1968-ல் தன் முதல் ஸ்னோமொபைலைக் கொண்டுவந்தது. மூன்றே ஆண்டில், 1971-ல், மைக் டிராப் என்ற விஸ்கான்சின்காரர் யமஹாவில் ஈகிள் ரிவர் பட்டத்தை வென்றார். 1972-லும் அவரே. ரோசோவிலும் வல்கூரிலும் அன்றைக்குச் சோறு இறங்கியிருக்காது. டிராப்புக்கு முந்தைய ஆண்டு, 1970-ல், ஸ்கி-டூவில் வென்றவர் இவோன் டுஹாமெல். கியூபெக்கின் மோட்டார்சைக்கிள் வீரர், டேட்டோனாவில் யமஹா பைக்கில் வென்றவர், பிற்பாடு கவாசாகியின் ஆள். கோடையில் பைக், குளிர்காலத்தில் பனிவண்டி. நேர்கோட்டில் மணிக்கு சுமார் 127 மைல் வேகத்தைத் தொட்டுச் சாதனையும் படைத்தார்.

ஐஸ் மேல சுத்திச் சுத்தி வர்றதுல அப்படி என்ன பெரிய திறமை?

டிவியில் பார்த்தால் அப்படித்தான் தெரியும். பந்தயப் பாதையில் இருப்பது பனி அல்ல, தண்ணீர் ஊற்றி ஊற்றி உறையவைத்த கண்ணாடி மாதிரியான ஐஸ். பட்டையில் நூற்றுக்கணக்கில் கூரான உலோக முளைகள், ஸ்கீக்கு அடியில் கத்தி போன்ற தகடு. திருப்பம் எல்லாம் இடது பக்கம். ஹேண்டில்பாரைத் திருப்பினால் மட்டும் வண்டி திரும்பாது. ஓட்டுபவர் உடம்பு முழுவதையும் உள்பக்கமாகச் சாய்த்துத் தொங்க வேண்டும், தோள் ஐஸுக்கு ஒரு முழ உயரத்தில் போகும். உள்பக்க ஸ்கீ தூக்கிவிடாமல் பார்த்துக்கொள்ள வேறு வழியில்லை.

இதற்கெல்லாம் மேலே, கண் தெரியாது. முன்னால் போகும் வண்டிகளின் முளைகள் சுரண்டி எறியும் ஐஸ் தூள் பின்னால் வருபவர் மேல் வெள்ளைத் திரையாக விழும். முதலில் போகிறவருக்கு மட்டும்தான் பாதை தெரியும். மற்றவர்கள் சத்தத்தையும் நினைவையும் நம்பி ஓட்ட வேண்டும். அதோடு, விழுந்தவர் பின்னால் வரும் அத்தனை வண்டிகளின் முளைகளுக்கும் முன்னால் கிடக்கிறார் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

ஃபார்முலா 1 வில்நெவ் ஸ்னோமொபைல் ஓட்டினவர்ங்கறாங்களே, எந்த வில்நெவ்? அப்பாவா, பிள்ளையா?

அப்பா, ஜில் வில்நெவ். 1974-ல் அலுவெட் வண்டியில் ஈகிள் ரிவர் பட்டம் வென்றவர். குளிர்காலத்தில் பனிவண்டியில் சம்பாதித்ததைத்தான் கோடையில் கார் பந்தயத்தில் போட்டார். அது போதாமல் குடியிருந்த வீட்டையே விற்றார் என்பதும் தெரிந்த கதை. மனைவி என்ன சொல்லியிருப்பார் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

குழப்பம் 'ஜாக் வில்நெவ்' என்ற பெயரில்தான். இரண்டு பேர் இருக்கிறார்கள். ஜில்லின் தம்பி ஜாக், ஈகிள் ரிவரில் 1980, 1982, 1986 என மூன்று தடவை வென்றவர். பனிவண்டியை மட்டும் வைத்துப் பார்த்தால் அண்ணனைவிட இவர்தான் பெரிய ஆள். ஜில்லின் மகன் ஜாக், 1997-ல் ஃபார்முலா 1 உலக சாம்பியன். நம் நரேன் கார்த்திகேயன் ஜோர்டான் காரில் ஓட்டிய 2005-ல், சாபர் காரில் அதே களத்தில் இருந்தவர் இந்த மகன்தான்.

பனிவண்டி ஓட்டினது ஜில்லுக்குக் கார்ல உதவிச்சா, இல்ல ரசிகர்கள் சேர்த்துச் சொல்றதா?

அவரே சொன்னதுதான். ஒவ்வொரு குளிர்காலத்திலும் மூன்று நாலு தடவையாவது மணிக்கு நூறு மைல் வேகத்தில் ஐஸில் தூக்கி எறியப்படுவோம், வழுக்கும் வண்டியைக் கட்டுக்குள் வைப்பதை அங்கேதான் கற்றேன், கண் தெரியாமல் ஓட்டிப் பழகியதால் மழையில் ஓட்டப் பயமே இல்லாமல் போயிற்று என்ற கருத்தில் பேசியிருக்கிறார். ஐஸ் தூள் திரையைப் பற்றி மேலே சொன்னது இதற்காகவும்தான்.

வெறும் பேச்சில்லை என்பதற்கு அடையாளம் உண்டு. 1975-ல் ஃபார்முலா அட்லாண்டிக் கார்களில் அவருக்குக் கிடைத்த முதல் வெற்றி மானிடோபாவின் கிம்லியில், கொட்டுகிற மழையில். 1979-ல் அமெரிக்காவின் வாட்கின்ஸ் கிளென் பாதையில் வெள்ளிக்கிழமைப் பயிற்சி, ஒரே வெள்ளக்காடு. ஃபெராரியில் ஜில் எடுத்த நேரம் மற்ற எல்லாரையும்விட ஒன்பது விநாடி குறைவு என்பாரும் உண்டு, பதினொன்று என்பாரும் உண்டு. ஃபார்முலா 1-இல் அரை விநாடியே பெரிய இடைவெளி. 1982 மே மாதம் பெல்ஜியத்தின் சோல்டரில் தகுதிச் சுற்றின்போது நடந்த விபத்தில் அவர் இறந்தார், வயது 32.

வடதுருவத்துக்கு ஸ்னோமொபைல்ல போனாங்களா? பியரி 1909-லயே போயிட்டாரே?

போனதாகச் சொன்னார் அந்த அமெரிக்கத் துருவப் பயணி. பியரிக்கும் அவருக்கு முன்னால் போனேன் என்ற குக்கிற்கும் சரியான சான்று இல்லை, அந்தச் சர்ச்சை இன்னும் ஓயவில்லை. மினசோட்டாவில் இன்ஷூரன்ஸ் விற்றுக்கொண்டிருந்த ரால்ஃப் பிளெய்ஸ்டட், ஸ்கி-டூக்களில் துருவத்துக்குப் போகலாம் என்று கிளம்பினார். 1967-ல் புயலும் உடைந்த ஐஸும் சேர்ந்து திருப்பி அனுப்பின. 1968 மார்ச்சில் கனடாவின் வடகோடியில் உள்ள வார்டு ஹன்ட் தீவிலிருந்து மறுபடி புறப்பட்டு, 43 நாளில், ஏப்ரல் 20-ஐ ஒட்டி நான்கு பேர் போய்ச் சேர்ந்தார்கள். பிளெய்ஸ்டட், வால்ட் பெடர்சன், ஜெரி பிட்ஸல், ஜான்-லுக் பொம்பார்டியே. கடைசியாகச் சொன்னவர் ஆர்மாண்டின் அண்ணன் தம்பி வழிப் பிள்ளை. வண்டிகள் வெறும் 16 குதிரைத்திறன். இன்றைய ஸ்கூட்டர் சிலவற்றுக்கே அதற்குப் பக்கமாக இருக்கிறது.

மேலே பறந்த அமெரிக்க விமானப்படை விமானம் இடத்தைச் சரிபார்த்துச் சொன்னது, நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து எந்தப் பக்கம் திரும்பினாலும் தெற்குதான் என்று. அதனால், சந்தேகத்துக்கு இடமில்லாமல் தரைவழியாக (தரை என்ன தரை, மிதக்கும் ஐஸ்தான்) துருவத்தை முதலில் அடைந்தவர்கள் என்று இவர்களைத்தான் பலரும் ஏற்கிறார்கள். குறை சொல்பவர்களும் உண்டு. வழியில் எரிபொருளும் உணவும் விமானத்தில் வந்தன, திரும்பும்போது விமானத்தில் ஏறி வந்துவிட்டார்கள். மோட்டார் இல்லாமல் என்றால் அடுத்த ஆண்டு நாய்வண்டிகளோடு போன வாலி ஹெர்பர்ட்டுக்குத்தான் பெருமை. அது சரிதான். ஆனாலும் ஒரு இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் இதைச் செய்தார் என்பதை என்னால் விட்டுக்கொடுக்க முடியவில்லை.

இந்தக் கதையில பொம்பளைங்களே இல்லையா?

உண்டு, ஆனால் எழுதி வைக்கப்பட்டது குறைவு. எட்கரின் 1960 அலாஸ்கா பயணத்தில் போனவர்களில் ஒருவர் பெஸ்ஸி பில்பெர்க், விமானி ரூடி பில்பெர்கின் மனைவி. அதே குளிர், அதே ஆயிரம் மைல். கதை சொல்லும்போது மட்டும் 'எட்கரும் கூட்டாளிகளும்' என்று முடித்துவிடுகிறார்கள். நானும் மேலே எட்கரை மட்டும்தான் சொல்லியிருக்கிறேன், கவனித்தீர்களா?

நாய்வண்டியை ஒழிச்சது ஸ்னோமொபைல்தானே? அது நல்லதா கெட்டதா?

பெரும்பாலும் ஆம். அறுபதுகளில் பத்தே ஆண்டில் வடக்கே எல்லாம் மாறிப்போயிற்று. கனடாவின் தேசியக் காவல்துறையான குதிரைப்படைக் காவலர்கள் தங்கள் கடைசி நாய்வண்டி ரோந்தை 1969-ல் முடித்துக்கொண்டார்கள். ஸ்கி-டாக் என்று வைத்த பெயர் பலித்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

நல்லதா கெட்டதா என்று அங்கே வாழாத நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் கணக்கு எளிது. ஒரு நாய்க்கூட்டத்துக்கு வருடம் முழுவதும் மீனும் இறைச்சியும் தேட வேண்டும். வண்டி நிற்கும்போது எதுவும் தின்னாது. அதேநேரம் நாய்க்கு பெட்ரோலும் உதிரிப் பாகமும் காசு கொடுத்து வாங்க வேண்டாம், பனிப்புயலில் வழி தெரியாவிட்டால் நாய் வீட்டுக்குக் கூட்டிவரும், மெல்லிய ஐஸை முகர்ந்து நிற்கும். பின்லாந்தில் கலைமான் மேய்க்கும் 'சாமி' என்ற பூர்வகுடிகளிடம் அறுபதுகளில் வண்டி வந்தபோது, வாங்க முடிந்தவர்கள் மேலே போனார்கள், முடியாதவர்கள் மந்தையை இழந்தார்கள். மான்களும் மனிதரிடம் முன்போலப் பழகாமல் மிரளத் தொடங்கின.

ஒரு காலத்துல நூறு கம்பெனி இருந்துச்சாமே? எல்லாம் எங்க போச்சு?

நூறுக்கும் மேல். 1970-71 வாக்கில் வட அமெரிக்காவில் ஆண்டுக்கு ஏறத்தாழ ஐந்து லட்சம் வண்டிகள் விற்றன. படகு செய்தவர், புல்வெட்டும் இயந்திரம் செய்தவர் எல்லாரும் இறங்கினார்கள். 1973-ல் பெட்ரோல் நெருக்கடி, அப்புறம் பனி குறைந்த குளிர்காலங்கள், கூடவே விலைவாசி. ஜில் ஓட்டிய அலுவெட், ஸ்கிரூல் எல்லாம் மறைந்தன. ஆர்க்டிக் கேட்டே எண்பதுகளின் தொடக்கத்தில் திவாலாகி மறுபிறவி எடுத்தது. கடைசியில் தப்பியது நான்கு: ஸ்கி-டூ, போலாரிஸ், ஆர்க்டிக் கேட், யமஹா. 2025 மாடலோடு நிறுத்திக்கொள்வதாக யமஹாவும் 2023-ல் அறிவித்துவிட்டது.

இவ்வளவு பேசறீங்களே, அந்தக் காலத்து வண்டி ஒண்ணையாவது ஓட்டியிருக்கீங்களா?

ஒரே ஒரு தடவை. தெரிந்த விவசாயி ஒருவரின் கொட்டகைக்கு வெளியே எழுபதுகளின் ஒற்றை சிலிண்டர் வண்டி ஒன்று நின்றது. மஞ்சள் பெயின்ட் வெளுத்து, யார் செய்தது என்ற எழுத்தே அழிந்துவிட்டது. ஏறி உட்காரப் போனவனைத் தடுத்தார். பட்டை தரையோடு உறைந்து ஒட்டியிருந்தது. பின்பக்கத்தைத் தூக்கி இரண்டு தடவை பொத்தென்று போட்டு, ஸ்கீக்களைக் காலால் உதைத்து விடுவித்தார். சோக்கை இழுத்துவிட்டுக் கயிற்றை என் கையில் கொடுத்தார். தடித்த கையுறையோடு மூன்று இழுப்பு, ஒன்றும் இல்லை. நாலாவதில் பிடித்தது. நீலப் புகை, எண்ணெய் கலந்த பெட்ரோல் வாசனை. சென்னை மண்ணடியில் பழைய டூ-ஸ்ட்ரோக் ஆட்டோவுக்குப் பின்னால் நின்ற ஞாபகம் வந்துவிட்டது, மைனஸ் பதினெட்டில்.

நேராகப் போனவரை எல்லாம் நன்றாக இருந்தது. வயலின் முடிவில் ஹேண்டில்பாரை முழுவதும் இடது பக்கம் திருப்பினேன். ஸ்கீக்கள் இடது பக்கம் பார்த்தன, வண்டி பாட்டுக்கு நேராகப் போய்க்கொண்டிருந்தது. பின்னாலிருந்து அவர் "சாய்! சாய்!" என்று கத்தியது எஞ்சின் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. வேலிக்கு இரண்டடி முன்னால் பனிமேட்டில் மூக்கைக் குத்தி நின்றது. இருவரும் சேர்ந்து அதை வெளியே இழுக்க முக்கால் மணி நேரம் பிடித்தது.